சிக்னல் பெட்டி முதல் கட்டுப்பாட்டு அறை வரை: போக்குவரத்துத் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பயிற்றுவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு இரண்டு மணி. பெரிய சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கிளைச் சாலையில் ஈ, காக்கை இல்லை. ஆனாலும் சிக்னல் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காலிச் சாலைக்குப் பச்சை காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திரையைப் பார்க்கிறார். கிளைச் சாலையில் வண்டி காத்திருப்பதாகத் திரை சொல்கிறது. சரி, வண்டி இருக்கிறது போல என்று விட்டுவிடுகிறார்.

அங்கே வண்டி எதுவும் இல்லை. சாலைக்கு அடியில் புதைத்த டிடெக்டர் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. கம்பி அறுந்தால் 'வண்டி நிற்கிறது' என்றே வைத்துக்கொள்ளும்படிதான் அந்தக் கருவியை வடிவமைக்கிறார்கள். பழுதால் யாரும் சிவப்பிலேயே சிக்கிக்கொள்ளக் கூடாதல்லவா? ஆக, கருவி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, மென்பொருளும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து இல்லாத வண்டிக்கு விடிய விடியப் பச்சை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் நான் மென்பொருளிலிருந்துதான் ஆரம்பித்தேன். முதல் நாளே பெரிய திரை, வண்ண வண்ண வரைபடம், பத்து மெனு. பயிற்சி முடித்துப் போனவர்கள் பட்டன்களை நன்றாக அழுத்தினார்கள். ஆனால் மேலே சொன்ன மாதிரி ஒரு கோளாறு வந்தால், மென்பொருளில் பச்சை நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு நடை போய்ப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தப்பு அவர்கள்மேல் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் இருந்தது. இப்போது தலைகீழாகத் தொடங்குகிறேன். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

படி 1: பதவியை விடுங்கள், யார் எந்த முடிவை எடுக்கிறார் என்று பாருங்கள்

'நுண்ணறிவுப் போக்குவரத்து' என்ற பெயரில் ஒரே வகுப்பில் எல்லோரையும் உட்கார வைப்பதுதான் பெரும்பாலான பயிற்சிகள் வீணாவதற்குக் காரணம். சிக்னல் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும் டெக்னீஷியன், 24 மணி நேரமும் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர், சிக்னல் நேரங்களை வகுக்கும் பொறியாளர், நெட்வொர்க்கையும் டேட்டாவையும் பார்த்துக்கொள்பவர், எதை வாங்குவது என்று கையெழுத்திடும் அதிகாரி என்று ஐந்து வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து பேரின் தேவையும் வேறு.

பாடத்திட்டம் எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசி மூன்று மாதப் புகார்ப் பதிவேட்டையும் பழுதுப் பதிவேட்டையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'யாருக்கு என்ன தெரிந்திருந்தால் இது சீக்கிரம் முடிந்திருக்கும்?' என்று எழுதுங்கள். இதற்கு ஒரு நாள் போதும். எந்த ஆலோசகர் தரும் திறன் அட்டவணையைவிடவும் இது உபயோகமானது. அநேகமாகப் பாதி வரிகளுக்குப் புதுத் தொழில்நுட்பத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பழுது என்று தெரிந்தும் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, பழைய நேர அட்டவணையின் நகல் இல்லை, கேமரா லென்ஸில் தூசி என்றுதான் இருக்கும்.

அப்புறம், முதல் இரண்டு வாரம் மட்டும் ஐந்து வகையினரையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் அதிகாரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் வர மறுப்பார், விடாதீர்கள்.

படி 2: முதல் வாரம் கணினி வேண்டாம், பேப்பரும் பென்சிலும் போதும்

காலை நெரிசல் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு சந்திப்பில் நிற்க வையுங்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு எத்தனை வண்டி என்று 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டு எண்ணட்டும். நடந்து கடப்பவர்களையும் எண்ண வேண்டும். முதல் அரை மணியில் சலித்துக்கொள்வார்கள். ஒரு மணி ஆனதும், நேராகப் போகும் வரிசையைத் திரும்பக் காத்திருக்கும் ஒரே ஒரு பேருந்து எப்படி அடைக்கிறது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

அடுத்து, பச்சை விழுந்ததும் வரிசை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளக்க வேண்டும். சாச்சுரேஷன் ஃப்ளோ என்பது இதுதான். ஸ்டாப்வாட்ச் போதும். முதல் நான்கு வண்டிகளை விட்டுவிடுங்கள், அவர்கள் கியர் போட்டுக் கிளம்புவதிலேயே நேரம் போகும். நான்காவது வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்து, வரிசையில் நின்ற கடைசி வண்டி தாண்டும்வரை எவ்வளவு நேரம், எத்தனை வண்டி என்று குறிக்க வேண்டும். வண்டிக்கு 2 விநாடி வந்தால் ஒரு தடத்தில் மணிக்கு 1,800. அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு 1,900 கார்களை அடிப்படையாக வைக்கிறது. ஆனால் அது தடம் பிடித்து ஓடும் கார்களுக்கான எண். இரு சக்கர வண்டிகள் இடுக்கில் புகுந்து முன்னால் வந்து நிற்கும் சாலைக்கு அந்த எண்ணை அப்படியே போட்டால் மொத்தக் கணக்கும் பொய்யாகும். இந்தப் பயிற்சியின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. கையேட்டில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, தன் சாலையில் தானே அளந்த எண்ணை நம்பும் பழக்கம் வர வேண்டும்.

எண்கள் கையில் வந்ததும், ஒரு சிக்னல் சுற்று எத்தனை விநாடி இருக்க வேண்டும் என்று சொல்லும் வெப்ஸ்டர் சூத்திரம். 1958-ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடம் வெளியிட்டது, இன்றும் பாடம் தொடங்குவது இங்கேதான். ஒரு சுற்றில் யாருக்கும் பயன்படாமல் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, 5-ஐக் கூட்டி, அதை 'ஒன்றிலிருந்து மொத்த ஓட்ட விகிதத்தைக் கழித்து வருவதால்' வகுக்க வேண்டும். சிக்னலின் ஒவ்வொரு பச்சைக் கட்டத்திலும் ஒவ்வொரு தடத்துக்கும் வருகிற வண்டிகளை அந்தத் தடத்தின் சாச்சுரேஷன் ஃப்ளோவால் வகுத்து, கட்டத்துக்கு ஒன்றாகப் பெரிய எண்ணை எடுத்துக் கூட்டினால் மொத்த ஓட்ட விகிதம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வீணாகும் நேரம் 12 விநாடி, ஓட்ட விகிதம் 0.7 என்றால், 18-உம் 5-உம் சேர்ந்து 23. அதை 0.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 77 விநாடி. நல்ல சுற்று. இப்போது ஓட்ட விகிதத்தை 0.9 ஆக்குங்கள். அதே 23-ஐ 0.1-ஆல் வகுக்க வேண்டும், 230 விநாடி வரும். கிட்டத்தட்ட நான்கு நிமிடம் யார் நிற்பார்கள்? இந்த இடத்தில் வகுப்பில் ஒரு அமைதி வரும். சாலையே நிரம்பி வழியும்போது சிக்னல் நேரத்தை எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பிரித்தாலும் தீராது, தடத்தையோ திருப்பத்தையோ மாற்றியாக வேண்டும் என்பது அந்த ஒரு வகுத்தலில் புரிந்துவிடும். நான் பத்து நிமிடம் பேசினாலும் புரியாது.

மஞ்சள் விளக்கையும் கையால் கணக்குப் போட வையுங்கள். ஓட்டுநர் உணர ஒரு விநாடி. அதனோடு, வேகத்தைப் பிரேக் வேகக்குறைப்பின் இரண்டு மடங்கால் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 13.9 மீட்டர். வேகக்குறைப்பு விநாடிக்கு விநாடி 3.05 மீட்டர் என்று கொண்டால், 13.9-ஐ 6.1-ஆல் வகுக்க 2.3, ஆக மொத்தம் சமதளச் சாலையில் 3.3 விநாடி. இறக்கமான சாலையில் இன்னும் கூடும். யாரோ நெரிசலைக் குறைக்கிறேன் என்று இதை 2.5 ஆக்கினால், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஓர் ஓட்டுநரை நடுவில் மாட்டிவிடுகிறோம் என்று அர்த்தம். நடப்பவர்களுக்கும் இதே மாதிரிதான். அமெரிக்கப் போக்குவரத்துச் சிக்னல் விதிநூல் 2009-ல் நடைவேகத்தை விநாடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தது. மீட்டரில் சொன்னால் 1.22-லிருந்து 1.07. 14 மீட்டர் அகலச் சாலையில் இது ஒன்றரை விநாடிக்குக் குறையாத வித்தியாசம். ஊன்றுகோலோடு கடக்கும் ஒருவரைப் பின்னாலிருந்து ஒரு தடவை ஸ்டாப்வாட்ச்சில் அளந்தவர் இந்த எண்ணை மறக்க மாட்டார்.

படி 3: பெட்டியைத் திறக்கட்டும்

இரண்டாவது வாரம், சிக்னல் விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி. இயங்கும் சந்திப்பில் வேண்டாம். ஒரு பழைய பெட்டியை வகுப்பறையில் வைத்து, விளக்குகளுக்குப் பதில் சின்ன எல்.இ.டி.களை இணைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குப் போகும் நாளில் முதலில் கூம்பு வைப்பது, ஒளிரும் சட்டை போடுவது, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது எல்லாம் ஒரு சடங்கு மாதிரி ஆக வேண்டும். 1868-ல் லண்டனில் நாடாளுமன்றத்துக்கு அருகே வைத்த உலகின் முதல் போக்குவரத்து விளக்கு எரிவாயுவில் எரிந்தது. சில வாரங்களிலேயே வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த காவலரைக் காயப்படுத்தியது. இந்த வேலையின் ஆபத்து அன்றே தொடங்கிவிட்டது.

லூப்பைப் பற்றி, அதாவது சாலைக்கு அடியில் புதைக்கும் அந்த டிடெக்டர் கம்பிச் சுற்றைப் பற்றி, பலரும் வைத்திருக்கும் தப்பெண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும். அது எடையை அளக்கவில்லை. சாலையைக் கீறிப் புதைத்த சில சுற்றுக் கம்பியில் மாறுமின்சாரம் ஓடுகிறது. மேலே உலோகம் வந்ததும் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, லூப்பின் மின்தூண்டலைக் குறைக்கிறது. அதனால் அலைவெண் கூடுகிறது, அந்தச் சின்ன மாற்றத்தைத்தான் டிடெக்டர் பிடிக்கிறது. இது புரிந்தவருக்கு மற்றதெல்லாம் தானாகப் புரியும். செவ்வக லூப்பின் நட்டநடுவில் நிற்கும் சைக்கிள் ஏன் தெரியாமல் போகிறது, கம்பி ஓடும் விளிம்பின்மேல் நின்றால் ஏன் தெரிகிறது, பக்கத்துப் பக்கத்து லூப்கள் ஒரே அலைவெண்ணில் ஓடினால் ஏன் ஒன்றின் வண்டியை மற்றொன்று பார்க்கிறது என்றெல்லாம் கேள்வி வரும்போது அவரே பதில் சொல்லிவிடுவார்.

மற்ற சென்சார்களுக்கும் அவற்றின் பலவீனத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீடியோ கேமராவுக்குச் சாய்ந்த வெயிலும் நீண்ட நிழலும் மழையில் மின்னும் ஹெட்லைட்டும் எதிரி. உயரமான லாரியின் பின்னால் மறையும் கார் அதன் கணக்கிலேயே வராது. டாப்ளர் ரேடாரில் சிலவகை, நின்றுவிட்ட வண்டியைப் பார்க்காது. ப்ளூடூத் சென்சார் பயண நேரத்தை நன்றாகச் சொல்லும், எண்ணிக்கையை அதனிடம் கேட்கக் கூடாது. முப்பது செல்போன் ஏறிய பேருந்தும், போனே இல்லாத மிதிவண்டியும் அதற்கு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரத்தின் முக்கியப் பொருள் கான்ஃபிளிக்ட் மானிட்டர். மோதும் இரண்டு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை போனால், மூளையான கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் கேட்காமல், மொத்தச் சந்திப்பையும் கண்சிமிட்டும் விளக்குக்குத் தள்ளிவிடும் தனிக் கருவி அது. பயிற்சியாளர் வேண்டுமென்றே இரண்டு பச்சைகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்ட வேண்டும். 'டக்' என்ற சத்தத்தோடு எல்லா விளக்கும் சிமிட்டத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் மனதில் பதியும்: அந்தக் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்காவிட்டால், மென்பொருள் தரும் பாதுகாப்பு எதுவும் பாதுகாப்பில்லை.

வாரக் கடைசியில் பழுது விளையாட்டு. பயிற்சியாளர் பெட்டியில் ஐந்து கோளாறுகளை ஒளித்து வைக்கிறார். தளர்ந்த திருகு, எரிந்த ஃப்யூஸ், உணர்திறன் தப்பாக வைத்த லூப் கார்டு, இடம் மாறிய இரண்டு கம்பி, பழைய தேதியில் நிற்கும் கடிகாரம். இருவர் இருவராகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததைவிட, எந்த வரிசையில் தேடினார்கள் என்பதற்கே மதிப்பெண்.

படி 4: சிக்னல்களைக் கோர்ப்பது

இது சுருக்கமாக முடியும் பாடம், ஆனால் கையால் வரைய வேண்டும். கிராஃப் தாளில் கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் தூரம். இரண்டு சந்திப்புக்கு இடையே 400 மீட்டர், வேகம் 40 கி.மீ. என்றால் முதல் பச்சைக்கு 36 விநாடி கழித்து இரண்டாவது பச்சை விழ வேண்டும். இதுதான் ஆஃப்செட். ஒரு திசைக்கு அழகாகப் பொருந்தியதும், எதிர்த்திசைக்கு வரையச் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். எந்தத் திசைக்கு நிற்காமல் போகும் பச்சை அலை கொடுப்பது என்பது கணக்கோடு முடியாது, அங்கே ஒரு கொள்கை முடிவு இருக்கிறது என்பது அந்தத் தாளில் தெரியும்.

பிறகு தானாகத் தகவமையும் முறைகள். பிரிட்டனில் உருவான ஸ்கூட், சிட்னியில் உருவான ஸ்காட்ஸ், இரண்டும் 1970-களின் பிள்ளைகள். ஸ்கூட் தன் டிடெக்டர்களை முந்தைய சந்திப்பின் அருகே, தூரத்தில் வைத்து, வரப்போகும் வண்டிகளைக் கணிக்கிறது. ஸ்காட்ஸ் நிறுத்தக் கோட்டருகே வைத்து, கொடுத்த பச்சை எவ்வளவு உண்மையில் பயன்பட்டது என்று பார்த்து அடுத்த சுற்றைத் திருத்துகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டால், எந்தப் புதிய நிறுவனம் எந்தப் பெயரில் வந்து 'செயற்கை நுண்ணறிவு' என்று சொன்னாலும், பயிற்சி பெற்றவர் முதலில் 'உங்கள் டிடெக்டர் எங்கே இருக்கிறது, அது செத்தால் உங்கள் முறை என்ன செய்யும்?' என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் இந்தப் படியின் நோக்கம்.

படி 5: சிமுலேஷன், கொஞ்சம் சந்தேகத்தோடு

சாலையையும் வண்டிகளையும் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் சூமோ என்ற இலவச மென்பொருளை ஜெர்மன் விண்வெளி மையம் பல ஆண்டுகளாக உருவாக்கிப் பராமரித்து வருகிறது. மூலநிரலும் திறந்தது. பயிற்சிக்கு இதுவே தாராளம். விலை கொடுத்து வாங்கும் விசிம், எய்ம்சன் போன்றவை நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் அவற்றுக்குப் போங்கள்.

முதல் வாரம் தாங்களே எண்ணிய சந்திப்பைத்தான் மாதிரியாகக் கட்ட வேண்டும். வேறு யாரோ தந்த தயார் மாதிரி வேண்டாம். கட்டி முடித்ததும் திரையில் குட்டிக் கார்கள் ஓடும், பார்க்க ஜோராக இருக்கும், எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். அங்கே நிறுத்துங்கள். நேரில் எண்ணியதும் மாதிரி சொல்வதும் ஒத்துப்போகிறதா?

சரிபார்க்க ஜி.இ.எச். என்றொரு அளவுகோல் இருக்கிறது. ஜெஃப்ரி இ. ஹேவர்ஸ் என்ற பிரிட்டிஷ் திட்டமிடலாளர் 1970-களில் உருவாக்கியது, அவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர். இரண்டு எண்ணின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டு எண்ணின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மாதிரியில் 560, நேரில் 500 என்றால் 2.6 வரும். மாதிரியில் 160, நேரில் 100 என்றால் 5.3. இரண்டிலும் வித்தியாசம் அதே 60 தான், ஆனால் சின்ன சாலையில் அது பெரிய பிழை. 85 சதவீத இடங்களில் 5-க்குள் வர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒரே ஒரு ஓட்டத்தின் முடிவை யாரும் கொண்டுவரக் கூடாது. மாதிரியில் தற்செயலாக நடப்பவற்றைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை மாற்றி மாற்றிக் குறைந்தது பத்துத் தடவை ஓட்டி, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்ல முடிவு வந்த ஒரு ஓட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

படி 6: நெட்வொர்க், டேட்டா, பூட்டு

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுமொழிகளின் பெயராவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாலையோரக் கருவிகளுக்கு அமெரிக்காவில் என்.டி.சி.ஐ.பி., ஐரோப்பாவில் போக்குவரத்துத் தகவல் பரிமாற்றத்துக்கு டேட்டெக்ஸ் 2, பேருந்து-ரயில் கால அட்டவணைகளுக்கு ஜி.டி.எஃப்.எஸ். கையெழுத்திடும் அதிகாரிக்கு இதில் ஒரே ஒரு விஷயம் போதும்: ஒப்பந்தத்தில் பொதுமொழி என்று எழுதாவிட்டால், அடுத்த பத்து ஆண்டுக்கு ஒரே விற்பனையாளரின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

கடிகாரத்துக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு சந்திப்பின் கடிகாரங்கள் 10 விநாடி பிசகினால், 40 கி.மீ. வேகத்தில் அது 111 மீட்டர். படி 4-ல் வரைந்த அழகான பச்சை அலை மொத்தமும் சிவப்பில் போய் முட்டும். ஆஃப்செட்டை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போன பிறகு கடிகாரம் பிழை என்று கண்டுபிடிப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் கூத்து.

பாதுகாப்புக்கு 2014-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்ததைப் பாடமாக வையுங்கள். சாலைத் துறையின் அனுமதியோடு இயங்கும் சிக்னல் நெட்வொர்க்கைச் சோதித்தார்கள். வயர்லெஸ் இணைப்பில் மறையாக்கம் இல்லை, தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருந்தன. விளக்குகளைத் தங்கள் விருப்பப்படி மாற்ற முடிந்தது. ஆனால் மோதும் இரண்டு பச்சைகளை மட்டும் கொண்டுவர முடியவில்லை. காரணம், படி 3-ல் 'டக்' என்று அடித்த அந்தத் தனிக் கருவி. இந்தக் கதையைச் சொன்ன கையோடு, பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் பொறுப்பில் இருக்கும் கருவிகளில் எத்தனையில் இன்னும் தொழிற்சாலைக் கடவுச்சொல் இருக்கிறது என்று அன்று மாலைக்குள் பட்டியல் எடுக்க வேண்டும். வீட்டுப்பாடம் இதுதான்.

படி 7: கட்டுப்பாட்டு அறை ஒத்திகை

ஆபரேட்டருக்கு வேலையில் பெரும்பகுதி சும்மா இருப்பது, மீதி தலைபோகிற அவசரம். இரண்டையும் பழக்க வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் அலாரங்கள் அடித்துக்கொண்டே இருந்தால் மனிதன் அலாரத்தையே கேட்காமல் போய்விடுவான். அதனால் எந்த அலாரம் தேவையில்லை என்று தீர்மானித்து நீக்குவதையும் பயிற்சியிலேயே சேருங்கள்.

ஒத்திகைக்குப் பெரிய கருவி வேண்டாம். மேசைமேல் சாலை வரைபடம், சில பொம்மை வண்டிகள், ஒரு சுவர்க் கடிகாரம். சாலையில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்தது என்று ஒரு சீட்டு வருகிறது. ஆபரேட்டர் அதை எப்படி உறுதிசெய்கிறார், யாரை முதலில் அழைக்கிறார், எந்தத் தடத்தை மூடுகிறார், எந்தப் பலகையில் என்ன எழுதுகிறார், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வரும் என்று யாருக்குச் சொல்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடக் குறிப்பு எடுக்க வேண்டும். நடுவில் கேமரா அணைந்தது என்று இன்னொரு சீட்டைக் கொடுங்கள். காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், இழுவை வண்டிக்காரர் என நிஜ ஆட்களையே அழைத்து உட்கார வைக்க முடிந்தால், அவர்கள் ஒரே இடத்தை நான்கு வெவ்வேறு பெயரில் அழைப்பது முதல் ஐந்து நிமிடத்தில் அம்பலமாகும். அதைச் சரிசெய்ததற்கே அந்த நாள் செலவு தகும்.

தகவல் பலகையில் எழுதுவது ஒரு தனிக்கலை. 100 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 27.8 மீட்டர் போகிறது. எழுத்து 200 மீட்டரிலிருந்து படிக்கத் தெரியும் என்றால் மொத்தம் ஏழு விநாடி, அதிலும் பலகைக்குக் கிட்டே வந்ததும் கண்ணிலிருந்து நழுவிவிடும். ஒரு பயிற்சியில் ஒருவர் இப்படி எழுதினார்: 'முன்னால் விபத்து ஏற்பட்டுள்ளதால் வாகன ஓட்டிகள் கவனமாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அவரையே எழுந்து நிற்கச் சொல்லி, அந்த வரியை ஐந்து விநாடி மட்டும் திரையில் காட்டி மறைத்தோம். தான் எழுதியதையே முழுக்கப் படிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை 'விபத்து. 2 கி.மீ.யில். இடது தடம் மூடல்.' என்று எழுதினார். என்ன, எங்கே, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கு மேல் எதுவும் ஏறாது.

நல்லெண்ணத்தில் எழுதுவதும் கெடுக்கலாம். டெக்சாஸில் நெடுஞ்சாலைப் பலகைகளில் அந்த ஆண்டில் சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை மாதத்தில் ஒரு வாரம் காட்டிவந்தார்கள். காட்டிய வாரத்தையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வு, பலகையைத் தாண்டிய 10 கி.மீ.யில் விபத்துகள் 4.5 சதவீதம் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. பயமுறுத்தும் எண் ஓட்டுநரின் கவனத்தைச் சாலையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

படி 8: செய்தது பலித்ததா என்று அளப்பது

பெரும்பாலான பயிற்சிகள் இதை விட்டுவிடுகின்றன. புதிய முறை வந்த மாதம் நெரிசல் குறைந்தால் முறையின் பெருமை, குறையாவிட்டால் மழையின் குற்றம். இதைத் தடுக்க ஒரே வழி, மாற்றத்துக்கு முன்பே எதை அளப்பது, எப்படி அளப்பது, எவ்வளவு மாறினால் வெற்றி என்று எழுதிக் கையெழுத்திட வைப்பது. பள்ளி விடுமுறை, பக்கத்துச் சாலை வேலை, எரிபொருள் விலை எல்லாம் எண்ணை அசைக்கும். எனவே மாற்றம் செய்யாத, அதே மாதிரியான ஒரு சந்திப்பையும் பக்கத்திலேயே அளந்து வைக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மினசோட்டா. நெடுஞ்சாலையில் ஏறும் இடங்களில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடும் சிக்னல்கள் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் சுமார் 430 இருந்தன. மக்கள் அங்கே காத்திருந்து எரிச்சலானார்கள். சட்டமன்றம் அவற்றை அணைத்துப் பார்க்கச் சொன்னது. 2000-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சில வாரங்கள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். நெடுஞ்சாலையில் கடக்கும் வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. சிக்னல்களை மறுபடி இயக்கினார்கள். கதை இதோடு முடிந்தால் 'பொறியாளர்கள் சொன்னதே சரி' என்று ஆகிவிடும். ஆனால் மறுபடி இயக்கும்போது, ஏறுசாலையில் யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். எரிச்சலான மக்களிடமும் நியாயம் இருந்தது. வகுப்பில் பாதிப் பேரை மக்கள் பக்கமும் மீதியைப் பொறியாளர் பக்கமும் வாதாட விடுங்கள், ஒரு மதியம் போவதே தெரியாது.

படி 9: கால அளவு, தேர்வு, அதன் பிறகு

முழு நேரமாக என்றால் பன்னிரண்டு வாரம் நான் பரிந்துரைப்பேன். முதல் இரண்டு வாரத்தின் களவேலையும் பெட்டியும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது வாரத்திலிருந்து பிரியலாம்: டெக்னீஷியனுக்குப் பெட்டியிலும் நெட்வொர்க்கிலும் கூடுதல் நேரம், பொறியாளருக்கு நேர வகுப்பும் சிமுலேஷனும், ஆபரேட்டருக்கு ஒத்திகை. கடைசி மூன்று வாரம் அனுபவசாலி ஒருவருடன் ஜோடியாக நிஜ ஷிப்ட், அதில் ஒரு வாரமாவது இரவு. வேலையில் இருப்பவர்களை அவ்வளவு நாள் விட முடியாது என்றால், வாரத்துக்கு ஒரு நாளாக ஆண்டு முழுவதும் பரப்புங்கள். ஐந்து நாளில் எல்லாவற்றையும் ஊட்டிவிடும் பயிற்சிக்குச் சான்றிதழ் அச்சடிக்கும் செலவாவது மிச்சமாகட்டும், வைக்காதீர்கள்.

விற்பனையாளர் இலவசமாகத் தரும் மூன்று நாள் பயிற்சியை மறுக்க வேண்டாம், ஆனால் அதைப் பயிற்சி என்று கணக்கில் எழுதாதீர்கள். எந்தப் பட்டன் எங்கே என்று அவர்கள் சொல்வார்கள், எப்போது அழுத்தக் கூடாது என்று சொல்ல மாட்டார்கள். அனுபவமுள்ள பொறியாளர்களுக்கு அமெரிக்காவில் பி.டி.ஓ.இ. போன்ற தொழில்முறைச் சான்றிதழ் தேர்வுகள் இருக்கின்றன. அவை ஒருவர் பல ஆண்டு வேலை செய்த பிறகு எழுதுபவை, தொடக்கப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

தேர்வுக்கு எழுத்துத்தாள் கால் பங்கு போதும். மீதி செய்முறை. நான் வைக்கும் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஒரு சந்திப்பின் ஒரு வார டிடெக்டர் பதிவை அச்செடுத்துக் கையில் கொடுப்பேன். கிளைச் சாலை டிடெக்டரில் ஏழு நாளும் 24 மணி நேரமும் வண்டி நிற்கிறது. பெரிய சாலையில் இரவுப் புகார்கள். பக்கத்தில் கணினியும் இருக்கும், மேசையில் சந்திப்பின் பெட்டிச் சாவியும் இருக்கும். யார் முதலில் எதை எடுக்கிறார் என்று மட்டும் பின்னால் நின்று குறித்துக்கொள்வேன்.

ஆறு மாதம் கழித்து அதே குழுவை இரண்டு நாள் திரும்ப அழையுங்கள். புதிதாகப் பாடம் எதுவும் எடுக்க வேண்டாம். ஆளுக்கொரு சந்திப்பின் பிரச்சினையைக் கொண்டுவரட்டும். அதன் நேர அட்டவணை, பழுதுப் பதிவேடு, கையால் எண்ணிய ஒரு மணி நேரக் கணக்கு, மூன்றும் இல்லாமல் வருபவரை அன்று காலையே மறுபடி சந்திப்புக்கு அனுப்பிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எண்ணிக்கொண்டு வந்துவிடுவார்.